முள்ளுக்குப் போன வயர்

அன்றைக்குக் கராஜில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறேன். அவர். அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினி வாசலில் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி வானின் கதவடியில் இருந்து காலைத் தொங்கப்போட்டபடி ஆஸ்பத்திரித் தொழிலாளி சின்னராசா. வாழைக்குலை வியாபாரி ஒருவர். தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு ஹோர்ண் பூட்டி முடிந்ததும் வியாபாரி போய்விட்டார். அடுத்தது நான். வேறு ஒருவரும் இல்லை.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டவர்கள், வியாபாரி போக மிச்சமாய் நின்ற இவ்வளவு பேர்தான்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்தார். வாகனத்து மின்சார வேலை. முன்னால் நிற்கும்போது எல்லோருக்கும் அண்ணை. ஒழுங்கை திரும்பியதும் அடிகாரன்.

அடிப்பார். யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். குடித்துவிட்டு அடிக்கிறவர் இல்லை. கோபத்தில் அடிக்கிறவரும் இல்லை. முகம் மாறாது. கையிலிருக்கும் கரண்ட் பார்க்கிற மீற்றரைக் கீழே விரித்த சாக்கின் மேல் மெதுவாக வைப்பார். அடிப்பார். பிறகு மீற்றரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

நான் முதலில் அடி வாங்கியது ஒரு பற்றறிக்கு. அப்போது ஆஸ்பத்திரியில் பழைய வான் நின்றது. நான் அதன் சாரதி. காலையில் ஸ்ரார்ட் வரவில்லை. தள்ளிக்கொண்டு போனோம்.

"என்னடா?"

"பற்றறி இறங்கியிருக்கும் அண்ணை."

"பார்த்தியோ, நினைச்சியோ?"

"நினைச்சன்."

மீற்றரை வைத்தார். இடது கன்னத்தில் ஒன்று. காது கூவியது. நான் அப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"நினைக்கிறதெண்டால் கோயிலிலை போய் நினை. கராஜிலை பார்."

பற்றறியில் பிழை இல்லை. பற்றறியிலிருந்து வானின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் வயர் உக்கியிருந்தது. மாற்றினார். வான் ஓடியது. கன்னத்தில் நாலு விரலும் தெரிகிறது என்று வீட்டில் மனைவி சொன்னாள்.

அப்படியிருந்தும் ஏன் அவரிடமே போனாய் என்று கேட்பார்கள். வேறு கராஜ்களில் மூன்று நாள் மறித்து வைத்து, நல்ல சாமானைக் கழற்றிவிட்டு வேறு சாமான் போட்டுத் தருவார்கள். இவர் கால் மணித்தியாலத்தில் பிழை இருக்கிற இடத்தைத் தொடுவார். அதற்கு ஒரு அடி பெரிதில்லை. எல்லோரும் அப்படித்தான் போய்வந்தோம்.

பெரிய கை. விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் அளவு. ஆனால் தலைமயிர் அளவு மெல்லிய கம்பியை அந்த விரலால் எடுத்து முடிவார். பிற்காலத்தில் வலக்கை மூடாது. தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் பிடிப்பார்.

ஒருமுறை துவக்கோடு ஒருவன் ஜீப் கொண்டுவந்தான். எந்தப் பக்கத்து ஆள் என்று எழுதத் தேவையில்லை. இருபத்தைந்து வயதிருக்கும். லைற் மங்கி எரிகிறது என்றான்.

"டைனமோ நல்லாத்தான் இருக்கு. லைற்றை மட்டும் பாருங்கோ."

"டைனமோவைப் பார்த்தியோ, நினைச்சியோ?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீர் சொன்னதைச் செய்யும்."

மீற்றர் சாக்குக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டது. திறந்தபோது அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். அடுத்த கணம் துவக்கின் பிடியால் அவருடைய வாயில் இடித்தான். இரண்டு பல். அவர் குனிந்து துப்பினார். பல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டார்.

"இனி டைனமோவைக் கழட்டட்டோ?" என்றார். வாயிலிருந்து நாடிவழி இரத்தம் வடிந்தது.

கழற்றினார். உள்ளே கம்பி கருகிக் கிடந்தது. அதை அவனுடைய மூக்குக்கு நேரே பிடித்தார். அவன் பார்த்தான். வேலை முடிந்து போகும்போது சாக்கின் மேல் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துவிட்டுப் போனான். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலம்.

அவருடைய மனைவி வல்வெட்டித்துறை. கடலோடிகளின் குடும்பம். குரல் பெரிது. கடற்கரை ஆட்கள் அலைக்கு மேலால் கதைத்துப் பழகினவர்கள் என்று அவவே சொல்லுவா.

மீற்றருக்கு இரண்டு சின்ன பற்றறிச் செல் வேண்டும். யுத்தத் தடையால் செல் குடாநாட்டுக்குள் வராத காலம். அவர் பழைய செல்லைப் பகலில் வெயிலில் காயவைத்து, துணியில் சுற்றி, மீற்றருக்கு மட்டும் பாவிப்பார். வீட்டு ரேடியோ ஊமையாகக் கிடந்தது. ஒருநாள் வல்வெட்டித்துறைப் பக்கம் குண்டு போட்டுவிட்டான் என்று சந்தையில் கதை. அவவின் தங்கை குடும்பம் அங்கே. அவர் வெளியே போன நேரம் அவ மீற்றரின் செல்லைக் கழற்றி ரேடியோவில் போட்டுச் செய்தி கேட்டா. திரும்ப மீற்றரில் போட்டுவைத்தா. பின்னேரம் மீற்றரின் ஊசி வழமையான இடத்துக்கு வரவில்லை. அவர் கேட்டார்.

"செல்லைத் தொட்டனியோ?"

"இல்லை."

நான் அங்கே இல்லை. அவ சொல்லித்தான் தெரியும். அவர் அடித்த அடியில் அவவின் இடது காது அன்றோடு போனது. சீழ் வடிந்து காய்ந்து அப்படியே அடைத்துப்போனது.

மறுநாள் விடிய அவர் கிணற்றடியில் குந்தியிருந்து முகம் கழுவினார். அவ அரிசி போட வைத்த உலைத்தண்ணியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் முதுகில் ஊற்றினா.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏற்றிப்போனேன். குப்புறக் கிடந்தார். தோல் சேலைத்துண்டு மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"தண்ணி தொண்ணூறு டிகிரிக்குக் குறையாது," என்றார்.

"பார்த்தியளோ அண்ணை, நினைச்சியளோ?"

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முதுகை இழுத்தது. கத்தினார். கத்திக்கொண்டே சிரித்தார். சின்னராசா பின்னால் இருந்து அவருடைய காலை அமர்த்திப் பிடித்தான். "நல்ல சோடி. ஆளையாள் அவிச்சுத் தின்னுங்கோ," என்றான்.

அதற்குப் பிறகு அவவில் கை வைக்கவில்லை. அவவும் விட்டுவிட்டுப் போகவில்லை. நான் ஒருமுறை கேட்டேன்.

"ஏன் அக்கா இன்னும் இருக்கிறியள்?"

"எங்கை போறது? அங்கை வீடு இல்லை. குண்டு விழுந்தது உண்மைதான்." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "பொய் சொன்னனான். பொய்க்கு ஒரு அடி சரி. ஒரு காது கூடிப்போச்சு."

இனி வானுக்கு வருகிறேன்.

பழைய வானின் எஞ்சினை எரித்தவன் நான். கைதடி என்ற ஊரில் எஞ்சின் தண்ணி கொதித்தது. சூடு காட்டும் முள் ஏறியதை நான் பார்க்கவில்லை. மேலே ஹெலிகொப்ரர் சுற்றியது. அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எஞ்சின் வெடித்தது. ஆஸ்பத்திரி டொக்ரர் ஏசவில்லை. "இனிமேல் முள்ளைப் பார்த்து ஓட்டு," என்றார். எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு வாகனம் இல்லை. அந்த எட்டு மாதமும் மாட்டுவண்டியில் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டவர்களில் யார் போய்ச் சேர்ந்தது, யார் சேரவில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான் ஏற்றிவிட்டவன்.

பிறகு வெளிநாட்டுச் சபை ஒன்று யப்பான் வான் ஒன்றைத் தந்தது. எஞ்சினுக்குப் பெற்றோலை எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்க அதற்குள் ஒரு கொம்பியூற்றர் இருந்தது. சோற்றுப் பெட்டி அளவு தகரப்பெட்டி. கொடிகாமம் பக்கத்தில் அப்படி ஒரு வாகனம் அது ஒன்றுதான். அதில் ஏறிய நாளிலிருந்து நான் முள்ளிலிருந்து கண் எடுக்கவில்லை.

தரைப்பாதை பூட்டி, கிளாலி நீரேரியால் சனம் படகில் போய்வந்த காலம். ஆஸ்பத்திரி வளவில் ஷெல் விழுந்தது. துண்டு ஒன்று வானின் வயிற்றால் பாய்ந்து எஞ்சினில் பட்டது. ஸ்ரார்ட் வந்தது. ஆனால் இருமி இருமி நின்றது. பெற்றோல் அளவு காட்டும் முள்ளும் செத்துவிட்டது. அவரிடம் கொண்டுபோனோம்.

முன் சீற்றைத் தூக்கினார். அந்த வானுக்கு எஞ்சின் சீற்றுக்குக் கீழே. கால் மணித்தியாலம் எடுக்கவில்லை.

எஞ்சின் தண்ணியின் சூட்டை அறிய அதில் இரண்டு சென்சர். ஒன்று கொம்பியூற்றருக்குச் சொல்லும். மற்றது எனக்கு முன்னால் இருக்கும் முள்ளுக்குச் சொல்லும். ஷெல் துண்டு உடைத்தது கொம்பியூற்றரின் சென்சரை. அது இல்லாவிட்டால் எவ்வளவு பெற்றோல் விடுவது என்று கொம்பியூற்றருக்குத் தெரியாது. புதிது கொழும்பிலிருந்து வரவேண்டும். அப்போது கொழும்பிலிருந்து ஊசி மருந்தே வராது.

முள்ளின் சென்சரைக் கழற்றினார். அதைக் கொம்பியூற்றருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். இரண்டும் ஒரே அளவில் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டியில் தண்ணி கொதிக்க வைக்கச் சொன்னார். மனைவி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"இதை என்ரை முதுகிலை ஊத்திப்போடாதையப்பா."

"வேலை முடியட்டும். பிறகு ஊத்திறன்."

சின்னராசா வானுக்குள் இருந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

சென்சரைத் தண்ணிக்குள் விட்டு, மீற்றரைப் பிடித்து, கரியால் சுவரில் இலக்கம் எழுதினார். தண்ணி ஆற ஆற எழுதினார். அளவு ஒத்துவரவில்லை. இடையில் கரண்டைக் குறைக்கிற சின்ன ரெசிஸ்ரர் ஒன்று பிடித்தால் சரிவரும் என்றார். ரெசிஸ்ரருக்கு எங்கே போவது? ரேடியோவைப் பார்த்தார். அவவைப் பார்த்தார்.

"எடுங்கோ," என்றா. "அது கதைச்சு எவ்வளவு காலம்."

ரேடியோவின் வயிற்றைப் பிரித்து அரிசிமணி அளவு சாமான் ஒன்றை எடுத்தார். பூட்டினார். எஞ்சின் பழையபடி பஞ்சு மாதிரி ஓடியது. சூடு காட்டும் முள் மட்டும் அடியிலேயே கிடந்தது.

"முள் இனி எழும்பாது," என்றார்.

"முள் இல்லாமல் நான் ஓட்டமாட்டன் அண்ணை."

"அப்ப ஓட்டாதை."

"அந்தச் சென்சரிலையிருந்தே முள்ளுக்கும் ஒரு வயரை இழுத்துவிடுங்கோவன். ஒரே தண்ணி, ஒரே சூடுதானே?"

"கேள்." சீற்றின் விளிம்பில் இருந்தார். "கொம்பியூற்றர் சென்சரிட்டைக் கேக்கிறது காதுக்குள்ளை குசுகுசுக்கிற மாதிரி. அவ்வளவு சின்னக் கரண்ட். முள் கேக்கிறது சந்தையிலை கத்திற மாதிரி. நேரை பற்றறியிலையிருந்து வாறது. ரெண்டையும் ஒரே சென்சரிலை கட்டினால் குசுகுசுக்கிறவனுக்கு மற்றவன்ரை சத்தம்தான் கேக்கும். முள் சரியாத்தான் காட்டும். கொம்பியூற்றர் எஞ்சின் பச்சைத்தண்ணியாய்க் கிடக்கெண்டு நம்பும். குளிருக்கு ஊத்திற மாதிரிப் பெற்றோலை ஊத்திக்கொண்டே இருக்கும்."

"ரெண்டு பெண்டாட்டிக்காரன்ரை கதை," என்றான் சின்னராசா.

குசினி வாசலிலிருந்து அவ சொன்னா: "இவருக்கு ரெண்டாவது ஒண்டு வந்திருந்தால் முதுகு மட்டும் இல்லை, முன்பக்கமும் வெந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். நான் திரும்பவும் சொன்னேன்.

"ஒரு சின்ன முள் அண்ணை. அது என்ன செய்யப்போகுது? ஒண்டும் செய்யாதெண்டு நினைக்கிறன்."

மீற்றரை வைத்தார். அந்த அடியில் நான் சீற்றுக்கு மேலால் மறுபக்கம் விழுந்தேன்.

"சூடு அறியவேணுமெண்டால் வானை மறிச்சு ரேடியேற்றரிலை கையை வை. சுட்டால் சூடு."

முள்ளுக்குப் போகும் வயரின் முனையில் கறுத்த ஒட்டு ரேப் சுற்றி ஒரு பக்கமாகச் செருகிவிட்டார். டொக்ரர் தந்தனுப்பிய பெற்றோல் ஐந்து லீற்றரைச் சின்னராசா ராங்கில் ஊற்றினான். இருட்டிவிட்டதால் வானை அன்று அங்கேயே விட்டோம். அடுத்த நாள் போய் எடுத்தேன்.

மூன்று நாள் அக்கம்பக்கத்துக்குத்தான் ஓட்டம். அரை மைலுக்கு ஒருதரம் மறித்துக் கையை வைத்தேன். உள்ளங்கை கொப்பளம் போட்டுப் பொங்கியது. இரவில் படுத்தால் கைதடியில் எஞ்சின் வெடித்த சத்தம் கேட்டது. முள் அடியில் கிடக்கக் கிடக்க, எஞ்சின் குளிர் என்று ஒரு மனம் சொல்லும்; கொதிக்கிறது என்று மற்ற மனம் சொல்லும்.

நாலாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வானை விட்டு, சீற்றைத் தூக்கி, ரேப்பை உரித்தேன். சென்சர் வயரின் தோலைக் கொஞ்சம் சுரண்டினேன். முள்ளின் வயரை அதில் முறுக்கினேன். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினேன். முள் எழும்பி நடுவில் வந்து நின்றது. எனக்கு உடம்பு லேசானது.

மத்தியானத்துக்குச் சற்று முன் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டுவந்தார்கள். புகையிலைத் தோட்டக்காரன் ஒருவனின் மனைவி. இரத்தம் போய்க்கொண்டிருந்தது. இங்கே ஒன்றும் செய்ய முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார் டொக்ரர். அவளைப் பின்னால் படுக்கவைத்தோம். தாய்க்காரி பக்கத்தில். சின்னராசா முன்னால். புருஷன்காரன் வானில் ஏறவில்லை. பாரம் கூடினால் பெற்றோல் கூடப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"பெற்றோல் போய்ச்சேரக் காணுமோ?" என்று சன்னலால் கேட்டான்.

"அஞ்சு லீற்றர் ஊத்தினது. தாராளமாய்க் காணும்," என்றேன்.

சாவகச்சேரி தாண்டியபோது சின்னராசா மூக்கைச் சுருக்கினான். "என்னடாப்பா பெற்றோல் மணக்குது? பின்னாலை கரும்புகை வேறை."

"ராங்கின்ரை மூடியாய் இருக்கும்."

முள் நடுவில் நின்றது. நான் முள்ளைப் பார்த்தேன்.

நாவற்குழிப் பாலம் கழிந்தால் வெட்டை. இரண்டு பக்கமும் உப்புத்தரை. மரம் இல்லை. பட்டணத்துக்கு இன்னும் மூன்று மைல். அங்கே வான் இருமியது. இரண்டு முறை எத்தியது. நின்றது. இறங்கி ராங்குக்குள் குச்சியை விட்டேன். குச்சி காய்ந்தபடி வந்தது.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹெலி கடல்நீரேரிப் பக்கத்தால் வந்தது. ஓட இடமில்லை. "தூக்கு, தூக்கு," என்றான் சின்னராசா. அவன் பொம்பிளையின் தலைமாட்டைப் பிடித்தான். நான் கால்மாட்டைப் பிடித்தேன். தெருக்கரையில் ஒரு வாய்க்கால் இருந்தது. பத்து அடி போயிருப்போம். உப்புத்தரையில் வரிசையாகப் புழுதி கிளம்பிவந்தது. சின்னராசா நின்றபடி நின்றான். பிறகு முன்னுக்கு விழுந்தான். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. பொம்பிளை அவனுக்கு மேலே விழுந்தாள். ஹெலி திரும்பிவந்து வானுக்கும் சுட்டது. வான் முழுக்க ஓட்டை. நான் வாய்க்காலுக்குள் கிடந்தேன்.

அது போனபின் அவளை இழுத்து வாய்க்காலுக்குள் கிடத்தினேன். அவளில் ஒரு வெடியும் படவில்லை. தாய்க்காரி தன்னுடைய சேலையைக் கிழித்துச் சுருட்டி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தா. பிடித்தபடி என்னைக் கேட்டா, "தம்பி, இதைத் தள்ளிக்கொண்டு போகேலாதோ?" நான் வானைத் தள்ளினேன். ஒரு ஆளால் நகராது. சேலை நிரம்பி விரல் இடுக்கால் வந்தது. கொஞ்ச நேரத்தில் வருவது நின்றது. பிள்ளை உள்ளுக்குள்ளேயே.

புருஷன்காரன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சைக்கிளைப் படுக்கப் போடவில்லை. ஸ்ராண்ட் போட்டு நிறுத்தினான். பார்த்தான்.

"ஏன் நிண்டது?"

"பெற்றோல் முடிஞ்சுது."

"அஞ்சு லீற்றர் எண்டு சொன்னாய்."

"ஓம்."

"அது எங்கை?"

நான் ராங்கின் மூடியை எடுத்து மூடினேன். அவன் அந்த மூடியைப் பார்த்தான்.

"வான் ஒரு இரவு கராஜிலை நிண்டது, என்ன?"

"ஓம்," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது உண்மை.

அடுத்த நாள் உழவு மெசின் ஒன்றால் வானை இழுத்துவந்து கராஜ் முற்றத்தில் விட்டார்கள். புருஷன்காரன் வந்தான். செத்தவளின் தமையன்மார் இரண்டு பேர் வந்தார்கள். ஊர்ச்சனம் வேலியைச் சுற்றி நின்றது. பெற்றோல் ஒரு போத்தல் இருந்தால் ஆள் பணக்காரன் என்ற காலம். களவெடுக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவரிடம் அடி வாங்காத ஆம்பிளை அந்தக் கூட்டத்தில் குறைவு.

அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. வானுக்குள் ஏறி சீற்றைத் தூக்கினார். நான் கதவடியில் நின்றேன். அவருடைய கண் என்னுடைய முடிச்சில் போய் நின்றதைக் கண்டேன். முறுக்கினவன் யார் என்று முறுக்கிலேயே தெரியும். இனி மீற்றரை வைக்கப்போகிறார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவரிடம் அன்றைக்கு மீற்றர் இல்லை.

இரண்டு விரலால் முடிச்சை அவிழ்த்தார். முள்ளின் வயரை இருந்த இடத்தில் செருகினார். சீற்றை மூடினார். இறங்கினார்.

"பெற்றோலை நான் எடுக்கேல்லை," என்றார். "எஞ்சின் குடிச்சிட்டுது. என்ரை வேலையிலை பிழை."

"என்னடா பிழை?" என்றான் மூத்த தமையன்.

"ஒண்டைப் பார்க்காமல் நினைச்சுப்போட்டன்."

"நினைச்சவராம்!" என்று வேலிக்கு வெளியே ஒருவன் கத்தினான். "எங்களுக்கு அடிச்சவர் இப்ப நினைச்சவராம்!"

கருக்குமட்டை கொண்டுவந்திருந்தார்கள். பனைமட்டையின் ஓரம் வாள் மாதிரி. புருஷன்காரன்தான் முதல். தோளில் விழுந்தது. பழைய சூட்டுத்தழும்பு பிளந்தது. பிறகு தமையன்மார். அவர் நின்றபடி வாங்கினார். பிறகு முழங்காலில். தலையில் விழ வந்ததை வலக்கையால் மறித்தார். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு மறிக்கவில்லை. ஒருதரமும் கத்தவில்லை.

குசினி வாசலில் அவ நின்றா. முள்ளுக்கு வயர் தரமாட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டவ. வாழைக்குலை வியாபாரி போனபிறகு நடந்தது அது. சின்னராசா செத்துவிட்டான். மிச்சம் அவவும் நானும். அவ வாயைத் திறந்ததைக் கண்டேன். அவர் தரையில் கிடந்தபடி அவவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அவ வாயை மூடினா.

அவர் ஏன் என்னைக் காட்டவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அந்தப் புருஷன்காரனுக்கும் இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொண்டுபோனேன். குப்புறக் கிடந்தார். கையில் மட்டை வைத்துக் கட்டியிருந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கிடந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அந்த வயரை வெட்டி எறிஞ்சிருக்க வேணும்," என்றார். "நீ தொடமாட்டாயெண்டு விட்டன்."

நான் மருந்தைப் பாயின் பக்கத்தில் வைத்தேன். பூசச் சொல்லி டொக்ரர் சொன்னதைச் சொன்னேன். எழும்பினேன்.

அவ வேலிப் படலை வரைக்கும் வந்தா. படலையைத் திறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அண்டைக்கு நீயும் எண்ணினியோ?"

"என்னத்தை அக்கா?"

"அடியை."

"ஓம்."

"எத்தினை?"

"இருபத்தாறு."